வாசகர் கேள்வி: தொழுவத்துப் பூனைகள் எங்களை நம்புமா?

பணி ஓய்வு பெற்ற வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது. அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

எட்டு மாதங்களுக்கு முன் அவரும் கணவரும் தோட்டத்தோடு கூடிய ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். பின்புறம் இப்போது மாடு எதுவும் இல்லாத ஒரு தொழுவம், மேலே வைக்கோல் பரண். பூனைகள் அவர்களுக்கு முன்பிருந்தே அங்கே இருக்கின்றன. முன்பு குடியிருந்த முதியவர் தினமும் தொழுவ வாசலில் சாப்பாடு வைப்பாராம், ஆனால் எதையும் தொட்டுப் பழக்கவில்லை. இப்போது இருப்பவை: சாம்பல் நிறத்தில் வரியோடிய ஒரு தாய்ப்பூனை, அதன் முந்தைய ஈற்றில் பிறந்து ஒரு வயதை நெருங்கும் இரண்டு (ஒன்று ஆண், ஒன்று பெட்டை), இரவில் மட்டும் தலைகாட்டும் வயதான கடுவன் ஒன்று, ஏறக்குறைய ஐந்து வாரம் ஆன மூன்று குட்டிகள்.

"தட்டோடு போனால் தாய்ப்பூனை இரண்டு கை தூரம் வரை வந்து நிற்கும். பெரிய பிள்ளைகள் இரண்டும் என்னைக் கண்டதுமே பரணில் ஏறிவிடும்" என்று எழுதுகிறார். நான்கு நாட்களுக்கு முன் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு ஒரு குட்டியைத் தூக்கப்போக, தாய் பாய்ந்து கையுறைக்கு மேலே மணிக்கட்டில் கடித்துவிட்டது. மறுநாள் குட்டிகள் மூன்றையும் வைக்கோல் அடுக்குக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டது. இப்போது அவர் நின்றால் தட்டுக்கே வருவதில்லை. "எட்டு மாதம் சம்பாதித்ததை ஒரே நிமிடத்தில் இழந்துவிட்டேனா?" என்று கேட்கிறார்.

சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். இரண்டு நாள் பட்டினி போட்டால் கைக்கே வந்து சாப்பிடும் என்கிறார் ஒருவர். குட்டிகளை இப்போதே தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும் என்கிறார் இன்னொருவர். சாப்பாடு வைத்தால் எலி பிடிக்காது என்பது கணவரின் கவலை. கருத்தடை செய்தால் பூனைகள் நிரந்தரமாக வெறுத்துவிடுமோ என்பது வாசகியின் சொந்தப் பயம். வீட்டில் மருமகள் கருவுற்றிருப்பதால் பூனைகளே வேண்டாம் என்று சொல்லும் உறவினர்களும் உண்டு.

அம்மா, உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரியில் கடந்துபோன விஷயத்தில்தான் தொடங்க வேண்டும்.

முதலில் அந்தக் கடி

"ஆழமில்லை, சின்னப் புள்ளிதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் கைக்கு வந்த அன்றே, உடனே மருத்துவரைப் பார்க்கும்படி ஆசிரியர் குழு வழியாக உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பூனையின் கோரைப்பல் மெல்லியது, கூர்மையானது. தோலில் சின்னப் புள்ளியாகத் தெரிவது உள்ளே தசைநார் வரையோ மூட்டு வரையோ போயிருக்கலாம். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, பூனை வாயில் இயல்பாகவே இருக்கும் பாஸ்சுரெல்லா போன்ற கிருமிகள் உள்ளே பெருகும். கையிலும் மணிக்கட்டிலும் இது இன்னும் ஆபத்து. சில மணி நேரத்திலேயே வீங்கிச் சிவக்கலாம்.

கடித்தாலோ, ரத்தம் வரும்படி கீறினாலோ, உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ரேபிஸ் உள்ள பகுதி என்றால் தடுப்பூசியைத் தொடங்குவதா என்பதை அவர் முடிவு செய்வார். கடித்த பூனை 10 நாள் வரை உயிரோடும் நலமாகவும் இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து நாள் கணக்கு, தொடங்கிய ஊசியை நிறுத்தலாமா என்று மருத்துவர் பார்ப்பதற்கானது. ஊசி போடாமல் காத்திருப்பதற்குக் காரணமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். தாய்ப்பூனை சாப்பிடுகிறதா, நடை சரியாக இருக்கிறதா என்று தினமும் தூரத்திலிருந்து பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடித்ததற்காக அதன் மேல் வருத்தம் வேண்டாம். குட்டியை எடுக்க வந்த ஒரு பெரிய உருவத்தைத் தடுத்தது, அவ்வளவே.

இவை எந்த வகைப் பூனைகள்?

எதை எதிர்பார்க்கலாம் என்பது இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. மனிதக் கையை "ஆபத்தில்லாதது" என்று பூனையின் மனம் எளிதாகப் பதிந்துகொள்ளும் காலம் ஒன்று உண்டு. 1980களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள் அந்தக் காலத்தைப் பிறந்த இரண்டாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையே வைத்தன. அதன் பிறகு கதவு அடைபட்டுவிடுவதில்லை, ஆனால் இறுகிவிடுகிறது. பிறப்பும் ஒரு காரணம். நட்பான கடுவனுக்குப் பிறந்த குட்டிகள், தந்தையோடு வளராவிட்டாலும், புதிய ஆட்களையும் பொருட்களையும் தைரியமாக அணுகுவதை சாண்ட்ரா மெக்கூன் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரே ஈற்றில் ஒன்று ஓடி வருவதும் ஒன்று ஒளிவதும் உங்கள் வளர்ப்பில் உள்ள குறை இல்லை.

உங்கள் தாய்ப்பூனை முழுக் காட்டுப்பூனை அல்ல. முழுக்க மனிதனை அறியாத பூனை தட்டோடு வரும் ஆளைப் பார்த்து இரண்டு கை தூரத்தில் நிற்காது. நீங்கள் போய் மறைந்த பிறகுதான் வரும். மனிதன் என்றால் சாப்பாடு என்பது இதற்குத் தெரியும். மனிதனின் கை என்றால் என்ன என்பதுதான் தெரியாது. பரணில் ஏறும் இளசுகள் தாயைப் பார்த்து அதே பாடத்தைப் பாதியளவு கற்றவை. குட்டிகளோ இன்னும் அந்த ஏழு வாரத்துக்குள் இருப்பவை. ஆக, ஒரே தொழுவத்தில் மூன்று விதமான பூனைகள். மூன்றுக்கும் ஒரே இலக்கை வைத்தால் உங்களுக்கும் ஏமாற்றம், அவற்றுக்கும் தொல்லை.

நேராகச் சொல்லிவிடுகிறேன். குட்டிகள் மடியில் உறங்கும் பூனைகளாக வளர நல்ல வாய்ப்பு இருக்கிறது. தாய் சில மாதங்களில் கன்னத்தைத் தடவ விடலாம், தூக்க ஒருபோதும் விடாமல் போகலாம். இளசுகள் நீங்கள் இருக்கும்போதே பயமின்றிச் சாப்பிடுவதோடு நின்றுவிடக்கூடும். தொழுவத்தில் வாழும் பூனைக்கு அது நிறைவான வாழ்க்கை. மடிக்கு வராத பூனையை நான் தோல்வியாகப் பார்ப்பதில்லை, நீங்களும் அப்படிப் பார்க்க வேண்டாம்.

நம்பிக்கை போய்விட்டதா?

போகவில்லை. பின்வாங்கியிருக்கிறது. குட்டிகளை இடம் மாற்றுவது தாய்ப்பூனைகள் சாதாரணமாகவே செய்வது, சின்னத் தொந்தரவு போதும். இன்னும் தொழுவத்துக்குள்ளேயே வைத்திருக்கிறதே, அதுதான் முக்கியம். உங்களை முழு எதிரியாக நினைத்திருந்தால் குட்டிகளை வெளியே எங்கேயோ கொண்டுபோயிருக்கும்.

இனி ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள்: உங்களுக்கும் பூனைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைப் பூனை தீர்மானிக்கட்டும். சூரிச்சில் டென்னிஸ் டர்னர் பல ஆண்டுகள் வீட்டுப் பூனைகளைக் கவனித்துச் சொன்னது இது: பூனை தானே தொடங்கும் பழக்கம் நீண்ட நேரம் நீடிக்கிறது, மனிதர் தொடங்கியது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. வீட்டில் வளர்ந்த பூனைக்கே இப்படி என்றால், தொழுவத்துப் பூனைக்குச் சொல்லவே வேண்டாம்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். தினமும் இரண்டு வேளை, ஒரே நேரம், ஒரே இடம், ஒரே குரல். தட்டை வைத்துவிட்டு, அது தயங்காமல் வந்து சாப்பிடும் தூரம் வரை பின்னால் போய்த் தரையிலோ தாழ்வான முக்காலியிலோ உட்காருங்கள். கடிக்கு முன் இரண்டு கை தூரம் என்றால் இப்போது அது பத்து கை தூரமாக இருக்கலாம், பரவாயில்லை. நேருக்கு நேர் உட்காராமல் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். எதையாவது மெல்லிய குரலில் வாசியுங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம். கண் சந்தித்தால் மெதுவாக இமைகளைச் சுருக்கி, மூடி, திறந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020இல் வெளியான ஆய்வில், இப்படி மெதுவாகக் கண்சிமிட்டிய புதிய ஆளின் நீட்டிய கையை நோக்கிப் பூனைகள் அதிகம் வந்தன. செலவில்லாத முயற்சி, பயந்த பூனைகளிடம் நான் எப்போதும் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

தொடர்ந்து சில நாட்கள் அது நிதானமாகச் சாப்பிட்டால் தட்டை ஒரு சாண் உங்கள் பக்கம் நகர்த்துங்கள். நிதானம் என்றால் என்ன? காது முன்னோக்கி இருக்கும், உங்களுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிடும், சாப்பிட்டு முடித்ததும் ஓடாமல் அங்கேயே உட்கார்ந்து முகம் கழுவிக்கொள்ளும். வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு உங்களை நோக்கி வந்தால் அது வணக்கம் சொல்கிறது. காது பக்கவாட்டில் படிந்தாலோ, வால்நுனி சட்சட்டென்று துடித்தாலோ, கண்மணி விரிந்தாலோ, உடல் தரையோடு ஒட்டினாலோ, தட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பக்கத்தில் வரத் தொடங்கிய பிறகு, நீண்ட கைப்பிடி உள்ள கரண்டியில் மசித்த கோழியோ மீனோ வைத்து நீட்டலாம். நாளாக ஆகக் கரண்டியைக் குட்டையாக்கலாம். விரலை நீட்டினால் அது வந்து முகர்ந்து, கன்னத்தைத் தேய்க்கும் வரை காத்திருங்கள். தேய்த்தால் கன்னத்திலும் காதுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதியிலும் இரண்டு தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான பூனைகளுக்கு அந்த இடங்கள்தான் பிடிக்கும். வால் தொடங்கும் இடத்தையும் வயிற்றையும் தொடவே வேண்டாம். "இன்னும் கொஞ்சம்" என்று அது கேட்கும் நிலையில் நிறுத்துவதுதான் மறுநாள் அதைத் திரும்ப வரவைக்கும். தடித்த கையுறையை இந்த வேலைக்கு இனி எடுக்காதீர்கள். அந்தக் கையுறையின் வாசனை என்ன பொருள் தரும் என்பது இப்போது அந்தத் தாய்க்கு நன்றாகத் தெரியும்.

பட்டினி, எலி, பால்

பட்டினி போடாதீர்கள். இரண்டு நாட்களுக்கு மேல் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாக உடல் பருத்ததற்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பால் கொடுக்கும் தாய் பட்டினி கிடந்தால் குட்டிகளும் சேர்ந்தே வாடும். வழக்கமான நேரத்தில் சாப்பாடு, அதில் சுவையான பங்கு நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும்போது மட்டும்: இதுதான் பசியை நியாயமாகப் பயன்படுத்தும் முறை. அரை மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எலியும் மற்ற விலங்குகளும் பங்குக்கு வரும்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: வேட்டைக்கும் பசிக்கும் நேரடிக் கணக்கு இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பூனைகள் எதிரே எலி வந்ததும் தட்டை விட்டுப் போய் அதைக் கொன்று, தட்டருகே தூக்கிவந்து போட்டுவிட்டு, விட்ட சாப்பாட்டைத் தொடர்ந்ததை ஆய்வகத்திலேயே பார்த்திருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிட்ட பூனைக்குத்தான் வேட்டையாடும் தெம்பும் இருக்கும். மனிதனுக்கும் பூனைக்குமான உறவே தானியக் களஞ்சியத்து எலிகளால் தொடங்கியிருக்கலாம் என்பது பரவலான கருத்து. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகில் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகளைத் தொல்லியலாளர்கள் 2004இல் வெளியுலகுக்குச் சொன்னார்கள். உங்கள் தொழுவத்துப் பூனைகள் அந்தப் பழைய உடன்பாட்டில்தான் இன்னும் இருக்கின்றன.

ஆனால் அதே தொழுவத்தில் எலி மருந்தும் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே எடுத்துவிடுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தைத் தின்று தள்ளாடும் எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும். அந்த எலியின் உடலில் உள்ள விஷம் பூனைக்கும் போகும். சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சோர்ந்து, உள்ளே ரத்தம் கசியும்போது காரணம் யாருக்கும் புரியாது. தீவனத்தை மூடியுள்ள இரும்புப் பீப்பாயில் வையுங்கள். எலிகள் குறைய அதுவே பாதி வேலை.

பால் வேண்டாம், தண்ணீர் போதும். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, கழிச்சல் வரும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.

குட்டிகள்: இங்கேதான் அவசரம்

மற்ற எல்லாவற்றிலும் பொறுமை என்று சொன்ன நான் இதில் மட்டும் உங்களை விரட்டுகிறேன். குட்டிகளுக்கு ஐந்து வாரம் என்ற உங்கள் கணிப்பு சரியென்றால், எளிதான காலம் இன்னும் இரண்டு மூன்று வாரம்தான்.

தாயிடமிருந்து இப்போதே பிரிக்கலாமா? முழுக் காட்டுத்தனமான தாய், குட்டிகளைத் தொடவே வழியில்லை என்ற நிலையில் மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஐந்தாறு வாரத்திலேயே எடுப்பதுண்டு. உங்கள் நிலை அப்படி இல்லை. எட்டு வாரம் வரை தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கும் குட்டி, எவ்வளவு வலுவாகக் கடிக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவற்றிடமிருந்தே கற்கும். ஆகவே தாயையும் குட்டிகளையும் சேர்த்தே ஓர் அமைதியான அறைக்குள் கொண்டுவருவதுதான் என் முதல் தேர்வு. தொழுவத்தில் கதவு உள்ள தீவன அறை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் வாசல் வெட்டிய இரண்டு மூன்று அட்டைப்பெட்டி, ஏறி உட்கார ஓர் உயரமான பலகை, கழிவுக்கு மண் நிரப்பிய ஒரு தட்டு, தண்ணீர் ஆகியவற்றை வையுங்கள். வெளியே மண்ணில் பழகிய பூனைக்குக் கடையில் வாங்கும் பூனைக் கழிவு மணலைவிட மண்தான் புரியும். மறைவிடம் கொடுத்தால் இன்னும் ஒளிந்துகொள்ளுமே என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்தின் உட்ரெக்டில் காப்பகப் பூனைகளிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள்தான் சீக்கிரம் பதற்றம் தணிந்து பழகின.

தாயை அந்த அறைக்குக் கொண்டுவர இரண்டு வழி. தட்டை அறைக்குள் வைத்துப் பழக்கினால் அதுவே குட்டிகளைத் தூக்கிவரலாம். அதற்கு மூன்று நான்கு நாள் கொடுங்கள். வராவிட்டால் கால்நடை மருத்துவரிடமோ விலங்கு நல அமைப்பிடமோ பொறிக்கூண்டு கேட்டு, அதில் தாயைப் பிடித்து, அதே நேரம் குட்டிகளையும் எடுத்து, எல்லாரையும் அறையில் ஒன்றுசேருங்கள். பழக்கமுள்ள ஒருவர் கூட இருக்கட்டும். இரண்டாவது வழி கடுமையானதுதான். ஆனால் குட்டிகளின் வாய்ப்பு மூடிக்கொள்வதைவிட அது மேல்.

அறைக்குள் தாய் சாப்பிடும்போது, அதன் பார்வையில் இருந்தபடியே குட்டிகளிடம் உட்காருங்கள். ஐந்து வாரக் குட்டி மென்மையான உணவை நக்கத் தொடங்கியிருக்கும். விரலில் தொட்டு நீட்டுங்கள். முதல் நாள் சீறும், துப்புவதுபோல் ஒலி எழுப்பும், அது வெறும் பயம். சிறு துண்டில் தளர்வாகச் சுற்றி நெஞ்சோடு அணைத்து, தாடைக்குக் கீழே வருடி, உணவு கொடுத்து, பயம் தணிந்ததும் கீழே விடுங்கள். மேலிருந்து கையை இறக்காமல் பக்கத்திலிருந்து கொண்டுபோங்கள். பிடரியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டாம். ஒரு நாளில் பல முறையாக, மொத்தம் ஒரு மணி நேரமாவது. கார்ஷின் ஆய்வில் தினமும் 15 நிமிடம் கையாண்ட குட்டிகளைவிட 40 நிமிடம் கையாண்டவை மனிதரிடம் அதிகம் ஒட்டின. நீங்கள் மட்டும் செய்தால் உங்களிடம் மட்டும் பழகும். கணவரும் இன்னும் ஓரிருவரும் மாறி மாறிச் செய்யட்டும். தாய் உறுமினாலோ முதுகை வளைத்தாலோ கையை எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், இன்னொரு கடி வேண்டாம்.

இளசுகள் இரண்டையும் இப்படி அறையில் அடைத்துப் பழக்க முயல வேண்டாம். தப்ப வழியில்லாத வளர்ந்த பூனை மூலையில் அசையாமல் ஒடுங்கிக் கிடக்கும். பார்ப்பவர்கள் "பழகிவிட்டது" என்பார்கள். உண்மையில் அது பயத்தில் உறைந்திருக்கிறது. அவற்றுக்குத் தொழுவமே வீடு. பரணில் அவை வழக்கமாக ஒளியும் இடத்தை எடுக்காமல் விடுங்கள், வாசலில் தட்டு தொடரட்டும்.

கருத்தடை: பயப்பட வேண்டியது அறுவைக்கு இல்லை

ஒரு முறையாவது ஈன்றால்தான் பூனைக்கு நல்லது என்று உங்களுக்குச் சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். அதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது. ஒரு வயதுக்குள் கருத்தடை செய்த பெட்டைகளுக்கு மார்புக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பெட்டைக்குட்டி நான்காவது மாதத்திலேயே சினைக்கு வரலாம். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம்தான். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகலாம், பால் கொடுக்கும் காலம் பாதுகாப்பு என்பது தவறான நம்பிக்கை. உங்கள் பரணில் இருக்கும் இளம் பெட்டை இப்போதே சினையாக இருந்தால் நான் வியக்க மாட்டேன். இன்னும் ஒரு ஆண்டு தள்ளிப்போட்டால் உங்களால் பழக்க முடியாத எண்ணிக்கையில் பூனைகள் இருக்கும், நோயும் பசியும் சண்டையும் கூடவே வரும்.

அறுவையால் நம்பிக்கை போகுமா? சில நாள் ஒதுங்கும், பிறகு சாப்பாட்டு நேரம் அதைத் திரும்பக் கொண்டுவரும். பூனைகள் கூண்டையும் அந்த இடத்தையும்தான் பெரும்பாலும் பயத்தோடு இணைக்கின்றன. ஆகவே கூண்டுக் கதவை நீங்கள் மூடாமல் வேறொருவர் மூடட்டும், வழக்கமான சாப்பாட்டு இடத்திலிருந்து தள்ளி நடக்கட்டும். ஒரு வாரம் முன்பிருந்தே கதவு மூடாதபடி கட்டிவைத்த கூண்டுக்குள் சாப்பாடு வையுங்கள். பிடித்ததும் கூண்டின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினால் பூனை அடங்கிவிடும். கூண்டை வைத்துவிட்டு யாரும் இல்லாமல் போய்விடக் கூடாது. பயந்த பூனைகளுக்குப் பயணத்துக்கு முன் கொடுக்க கபாபென்டின் என்ற மருந்தை மருத்துவர் எழுதித் தரலாம். அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

மயக்கத்தில் இருக்கும்போதே ரேபிஸ் தடுப்பூசி, பூனைகளின் கழிச்சல்–சளி நோய்களுக்கான தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாவற்றையும் முடித்துவிடச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது அதைத் திரும்பப் பிடிக்க நெடுநாள் ஆகலாம். காது நுனியைச் சிறிது வெட்டி அடையாளம் இடுவார்கள். மயக்கத்தில் செய்வதால் அப்போது வலிக்காது, இன்னொரு முறை அந்தப் பூனையைத் தவறாகப் பிடித்து அறுப்பதை அது தடுக்கும். வரிசை இப்படி: முதலில் இளம் பெட்டை, அடுத்து இளம் ஆண், குட்டிகள் எட்டு வாரம் ஆகித் தனியாகச் சாப்பிடத் தொடங்கியதும் தாய். குட்டிகளை நான்கு மாதம் தாண்ட விடாதீர்கள்.

கடையில் கிடைக்கும் உண்ணி மருந்தை நீங்களாகவே பூச வேண்டாம். நாய்களுக்கான பல மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. வலிக்கும் என்று பாராசிட்டமாலும் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும்.

மருமகளும் பூனைகளும்

உறவினர்கள் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை. பயம் ஆதாரமற்றது அல்ல, ஆனால் அளவு மீறியது. பொதுவாகப் பூனை முதல் முறை இந்தத் தொற்றுக்கு ஆளான பிறகு ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் மலத்தில் முட்டைகளை வெளியேற்றும். அந்த முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள், அதை மருமகள் செய்யக் கூடாது. தோட்ட மண்ணில் அவர் கை வைத்தால் கையுறையோடு. நன்றாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும் பூனையைத் தொடுவதைவிடப் பெரிய வழிகள். முன்பே தொற்று வந்துபோயிருக்கிறதா என்று அவருடைய மகப்பேறு மருத்துவர் ரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியும். குட்டிகளைப் பழக்கும் வேலையில் அவரைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது, கீறலும் கடியும் இந்தக் காலத்தில் வேண்டாம்.

பூனைகளைப் பிடித்துத் தூரத்தில் விட்டுவிடலாம் என்ற யோசனைக்கும் பதில் சொல்ல வேண்டும். பல நாடுகளில் அது விலங்கைக் கைவிடும் குற்றம். உங்கள் பகுதிச் சட்டத்தை உள்ளூர் விலங்கு நலத் துறையிடம் கேளுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, பழகாத இடத்தில் விடப்பட்ட பூனை பசியோடும் பயத்தோடும் பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டுவிடும், வழியிலேயே பலவற்றின் கதை முடிந்துவிடும். எலியும் மறைவிடமும் இருக்கும் தொழுவத்துக்குக் கருத்தடை ஆகாத வேறு பூனைகளும் வந்து சேரும்.

கடைசியாக அந்த முரட்டுக் கடுவன். அதைத் தொட்டுப் பழக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரவில் மட்டும் வருவதால் பொறிக்கூண்டை மாலை இருட்டிய பிறகு வைத்து, பக்கத்திலேயே காத்திருந்து பிடியுங்கள். சண்டைக் கடுவன்களிடம் சீழ்க்கட்டிகளும், கடியால் பரவும் பூனை எய்ட்ஸ் எனப்படும் எஃப்ஐவி தொற்றும் அதிகம். அது மனிதருக்கு வராது. மயக்கத்தில் இருக்கும்போதே பரிசோதிக்கச் சொல்லுங்கள். கருத்தடைக்குப் பிறகு சில வாரங்களில் சிறுநீர் நாற்றமும் இரவுச் சண்டையும் குறையும், தாயும் இளசுகளும் தட்டருகே நிதானமாக நிற்க அதுவே உதவும். தீவன அறையில் குட்டிகள் நான்கைந்து நாள் ஆனபிறகும் உங்களைக் கண்டு மூலைக்கு ஓடினால் மறுபடி எழுதுங்கள். எந்தக் குட்டி, எந்த நேரம், யார் கையில் எப்படி நடந்துகொள்கிறது என்று தனித்தனியாகக் குறித்து அனுப்பினால் குட்டிக்குக் குட்டி வேறு வழி சொல்ல முடியும்.